நீளக்கால்காரி

எங்கள் வீட்டுக் கன்னிக்குக் கால் நீளம். யாரும் என்னை உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. அவள் துணியைப் பார்த்தாலே தெரியும்.

கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண் அந்த வீட்டுக்குக் கன்னி. ஆரணியைச் சுற்றி எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அப்படி ஒருத்தி இருப்பாள். வீட்டில் கல்யாணம் வைத்தால் முகூர்த்தத்துக்கு முன்னால் அவளைக் கூப்பிட்டு, புதுத்துணி வைத்துப் படைத்து, உத்தரவு கேட்க வேண்டும். மற்ற வீடுகளில் பாவாடை சட்டை வைப்பார்கள். எங்கள் வீட்டில் மட்டும் கவுன். வெள்ளைப் பட்டில் தைத்த கவுன். மேல்பாகம் என் உள்ளங்கை அகலம்தான் இருக்கும். கைகளில் கட்டைவிரல் நுழைந்தால் பெரிது. அதற்குக் கீழே பாவாடை மட்டும் போய்க்கொண்டே இருக்கும். பெரியவர்கள் மார்புக்கு நேராகப் பிடித்தால் அது அவர்களுடைய முழங்காலைத் தாண்டித் தொங்கும். அந்தத் துணிக்குப் பொருத்தமான உடம்பை வீட்டுப் பிள்ளைகள் நாங்களே செய்துகொண்டோம். எலிக்குஞ்சு அளவு மார்பு, அதிலிருந்து இறங்கும் இரண்டு நெடுங்கால்கள்.

கவுன் ஒரு மூங்கில் கூடையில் இருக்கும். கூடை தறிக்கூடத்து விட்டத்தில் தொங்கும். துணியின் விளிம்பு கூடைக்கு வெளியே கொஞ்சம் எட்டிப் பார்க்கும். நான் அதிகமாக வாயாடினால் அம்மா மேலே கண்ணைக் காட்டி, "கால நீட்டுவா பாரு" என்பாள். ஆரணியில் கரண்ட் போனால் தெரு முழுக்கத் தறிகள் ஒரே நேரத்தில் வாயடைத்துப்போகும். அந்த மத்தியான அமைதியில் கூடைப் பக்கமிருந்து துணி உரசுகிற மாதிரி 'சர்' என்று ஒரு சத்தம் வரும். பல்லி என்பான் அண்ணன். பல்லி அவ்வளவு மெதுவாக நடந்து நான் பார்த்ததில்லை. கூடைக்கு நேர் கீழே யாரும் தூளி கட்ட மாட்டார்கள். ஒரு முறை விருந்தாளி ஒருத்தி தெரியாமல் கட்டிவிட்டாள். யாரும் தொடாமல் தூளி ஆடியது. குழந்தை அழவில்லை, மேலே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து நான் அந்தக் கூடத்தில் தூங்கியதில்லை.

கல்யாணத்துக்குக் கல்யாணம் புதுக் கவுன் தைப்பது வீட்டு மருமகளின் வேலை. முதலில் என் அம்மா, இப்போது அண்ணி. பழையதைத் தரையில் விரித்து, அதன் மேல் புதுப் பட்டைப் போட்டு, ஓரத்தை ஒட்டியே வெட்டுவார்கள். விளிம்பில் மூன்று மடிப்பு. முதுகில் பொத்தான் கிடையாது, நாடாதான். நெஞ்சில் வெள்ளை நூலால் ஒரு சின்ன மூவிலை. அது வில்வம் என்பார்கள். ஏன் இந்த அளவு, ஏன் இந்த நாடா என்று ஒருவரும் கேட்டதில்லை. எங்கள் தொழில் புத்தி அப்படி. மாதிரி என்று ஒரு துணியைக் கையில் கொடுத்தால் அதில் இருக்கும் பிசகையும் சேர்த்து நெய்து கொடுக்கிறவர்கள் நாங்கள். கேள்வி கேட்டால் அளவு கெட்டுவிடும்.

பின்கட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுத்து, பம்பை அடித்து அவளை அழைத்து வந்த பிறகு, மருமகள் கவுனைத் தோள் பக்கமாக இரண்டு கையாலும் பிடித்துச் சாம்பிராணிச் சட்டிக்கு மேல் காட்டுவாள். புகை உள்ளே ஏறும். பாவாடை உப்பும், மார்பு உப்பும், கடைசியில் அந்தக் குட்டிக் கைகள் உப்பும். தலை இல்லாத ஒரு ஆள் அங்கே நிற்பது போலிருக்கும். அதுதான் உத்தரவு. கைகள் உப்பாத கல்யாணத்தை எங்கள் வீட்டில் நிறுத்திவிடுவார்கள் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். என் கல்யாணத்தின்போது ஒரு கை என் பக்கமாக லேசாகத் தூக்கியது. ஆசீர்வாதம் என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அந்தக் கல்யாணம் எந்த லட்சணத்தில் முடிந்தது என்பது தெருவுக்கே தெரியும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கே வந்து சேர்ந்தேன்.

வந்தவள் சும்மா இருக்கவில்லை. அண்ணனுக்கு விசைத்தறி, எனக்கு ஃபோன். பட்டுப்புடவையை விரித்துக் காட்டி வீடியோவில் விற்கிறேன். என் பக்கத்தின் பெயரில் ஆரணி என்று இருக்கும். அதைப் பார்த்துத்தான் அந்த அயர்லாந்துக்காரி எனக்கு எழுதினாள். "நீங்கள் நிஜமாகவே ஆரணியில்தான் வசிக்கிறீர்களா?" என்று ஒரு வரி. வெளிநாட்டுக் கிராக்கி சிக்கிவிட்டது என்று புடவைப் படங்களாக அனுப்பித் தள்ளினேன். எல்லாம் அழகு என்றாள். பிறகு, எனக்குப் புடவை வேண்டாம், ஒரு குழந்தையைத் தேடுகிறேன் என்றாள்.

அவளுக்கு என் வயதுதான் இருக்கும். பிறந்ததும் இருப்பதும் ஆஸ்திரேலியாவில். ஆனாலும் தன்னை அயர்லாந்துக்காரி என்றே சொல்லிக்கொள்வாள். அவளுடைய மூதாதை ஒருவன் அயர்லாந்திலிருந்து கம்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தப் பக்கம் வந்தவன். பெண்டாட்டியும் கூடவே வந்தாள். படை போகிற வழியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஆரணியில் முகாம் போட்டிருந்தபோது குழந்தைக்குக் காய்ச்சல். படைக்குக் கிளம்ப உத்தரவு. தூக்கிக்கொண்டு போனால் வண்டியிலேயே செத்துவிடும் என்று, பால் கொடுக்கும் ஒரு நெசவுக்காரப் பெண்ணிடம் விட்டுவிட்டுப் போனார்கள். சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று நினைத்திருக்கிறார்கள். திரும்பவே முடியவில்லை. மதராசிலிருந்து கப்பலேறி ஆஸ்திரேலியாவில் குடியேறிவிட்டார்கள். அங்கே பிள்ளைகள் பிறந்து குடும்பம் பெருகியது. ஆனால் எத்தனை பிள்ளைகள் என்று யார் கேட்டாலும் அந்தத் தாய் ஒன்று கூட்டியே சொல்வாளாம். அந்தப் பழக்கம் வழிவழியாக அவர்கள் வீட்டில் நின்றுவிட்டது.

"என் அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறாள். அவளுக்கு இது ஒன்றுதான் தெரிய வேண்டும். அந்தக் குழந்தை பிழைத்ததா? பிழைக்கவில்லை என்றால் எங்கே கிடக்கிறது?" என்று எழுதியிருந்தாள். அயர்லாந்தில் அந்தக் காலத்தில் ஞானஸ்நானம் ஆகாத குழந்தையைக் கல்லறைத் தோட்டத்துக்குள் புதைக்க மாட்டார்களாம். வேலிக்கு வெளியே, பெயர் இல்லாமல், தனியாக. இந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆகவில்லை. அவளும் அப்படி வேலிக்கு வெளியே கிடக்கிறாளோ என்று ஒரு கிழவி ஆஸ்திரேலியாவில் தூக்கம் இல்லாமல் கிடந்தாள்.

எனக்கு அப்போது ஒன்றுமே உறைக்கவில்லை. தலைக்கு மேலேயே கூடையைத் தொங்கவிட்டுக்கொண்டு, பாவம், யார் வீட்டுக் குழந்தையோ என்று பரிதாபப்பட்டேன்.

அவள் கிளம்பியே வந்துவிட்டாள். கோட்டைப் பக்கம் இருக்கும் வெள்ளைக்காரர் கல்லறைகளுக்கு ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். கல்லில் இருந்தவர்கள் எல்லாம் வளர்ந்தவர்கள். அவள் முட்செடிகளை விலக்கி விலக்கிச் சின்னக் கல் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு மதிலுக்கு வெளியே போய் வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெயில் மண்டையைப் பிளந்தது. மோராவது குடிக்கட்டும் என்று வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

தறிக்கூடத்துக்குள் நுழைந்ததும் கரண்ட் போனது. விசைத்தறிகள் அடங்கின. அவள் இரண்டடி வைத்து, சரியாகக் கூடைக்குக் கீழே போய் நின்றாள். மேலே பார்க்கவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்துக் காது கொடுத்தாள். "வீட்டில் பேபி இருக்கிறதா?" என்று இங்கிலீஷில் கேட்டாள். மோர்ச் சொம்போடு வந்த அண்ணிக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. சொம்பு கையில் அப்படியே நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் அப்போது கைக்குழந்தை எதுவும் இல்லை. கல்யாணத்துக்கு நிற்கும் அண்ணன் மகள்தான் வீட்டிலேயே சின்னவள்.

அவளை விடுதிக்கு அனுப்பிய பிறகு அண்ணி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு அவ? இன்னாத்துக்கு இங்க இஸ்துகினு வந்த?"

"அயர்லாந்துக்காரங்க அண்ணி. யாரோ தொலைஞ்சுபோன புள்ளைய தேடிகினு வந்துகீறாங்க."

"அயர்லாந்தோ இன்னா லாந்தோ. வந்ததும் வராததுமா கூடைக்குக் கீழ நின்னுகினு பேபி கீதான்னு கேக்குது. கல்யாண வூடும்மா இது. நம்ம பேஜாரே நமக்கு ஜாஸ்தியா கீது."

இதற்கிடையில் அந்தப் பெண் ஒரு பிளாஸ்டிக் குழாயும் கொண்டுவந்திருந்தாள். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் ரத்த சம்பந்தம் இருக்கிறதா என்று ஆராய்ந்து சொல்லிவிடுவார்களாம். குழந்தை பிழைத்து, வளர்ந்து, இந்த ஊரிலேயே யாரையாவது கட்டிக்கொண்டு பேரன் பேத்தி எடுத்திருக்கும் என்பது அவளுடைய நம்பிக்கை. நெசவுத் தெருவில் பூனைக்கண் யாருக்காவது தெரிந்தால் நின்று பார்த்தாள். நம் எச்சில் கடல் தாண்டிப் போனால் என்ன ஆகும் என்று அண்ணி அலறினாள். நான் வீம்புக்குத் துப்பிக் கொடுத்தேன். ரொம்ப நாள் கழித்து, ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று முடிவு வந்தது. அதை நான் சொன்னபோது அண்ணி, "அதுக்கு இன்னா இப்ப?" என்றாள். அப்படி அவள் கேட்கும்படி நடுவில் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

படையல் அன்றைக்கு அவளை வரச் சொன்னேன். அண்ணியிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள். ஊருக்குத் திரும்பும் முன் அந்தப் பெண் ஒரு நல்ல சடங்கையாவது பார்க்கட்டுமே என்று நினைத்தேன். அவள் காலையிலேயே வந்து சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் பச்சை மரமே பற்றி எரிந்திருக்கும். ஆனால் படையல் வீட்டில் சண்டை கூடாது. வாயை மூடிக்கொண்டாள்.

கிணற்றில் தண்ணீர் எடுத்து வந்தாயிற்று. பம்பைக்காரர் அடித்து ஓய்ந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் ஏணி வைத்துக் கூடையை இறக்கினான். அண்ணி பழைய கவுனை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்து, பக்கத்தில் மஞ்சள் தடவிய புதியதை வைத்தாள். இரண்டின் பாவாடையும் தாம்பாளத்துக்கு வெளியே வழிந்து தரையில் நீண்டன. பழக்கத்தில் என் கால் தானாகப் பின்னால் போனது.

அந்தப் பெண் எழுந்துவிட்டாள். முகத்தில் ரத்தம் இல்லை. கிட்டே வந்து குனிந்து விளிம்பின் மடிப்புகளைப் பார்த்தாள். நாடாவைப் பார்த்தாள். நெஞ்சில் இருந்த மூவிலையைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஃபோனை எடுத்து என்னிடம் நீட்டினாள். அவளுடைய பேரனின் ஞானஸ்நான வீடியோ. அதில் அவள் மகள், குழந்தைக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு வெள்ளைக் கவுனைத் தோள் பக்கமாக இரண்டு கையாலும் பிடித்து, காலியாகத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். அதே மடிப்பு. அதே நாடா. அயர்லாந்துப் புல்வெளியில் முளைக்கும் ஏதோ ஒரு பூண்டின் அதே மூன்று இலை.

"ஆரணியில் விட்டுவந்தவளுக்காக முதலில் காலியாகத் தூக்கிக் காட்டுவோம். பிறகுதான் எங்கள் பிள்ளைக்குப் போடுவோம். குழந்தையை இதில் சுற்றித்தான் விட்டுப் போனார்கள். கப்பலில் போகும்போது அந்தத் தாய் ஞாபகத்திலிருந்தே இன்னொன்று தைத்தாள்" என்றாள்.

 தரையில் கிடந்த பாவாடையைக் காட்டிக் கேட்டேன். "இவ்வளவு நீளம் எதற்கு?"

அவளுக்கு என் கேள்வியே புரியவில்லை. ஞானஸ்நானக் கவுன் என்றால் அப்படித்தானாம். தூக்கி வைத்திருப்பவருடைய மடியைத் தாண்டித் துணி தொங்க வேண்டுமாம். உள்ளே இருப்பது கைக்குழந்தைதான்.

பயந்து பயந்து நான் வளர்ந்ததெல்லாம் ஒரு பச்சைக் குழந்தைக்கு. என் அம்மாவும் அதற்கே பயந்தாள். ஒரு குடும்பமே வழிவழியாக ஒரு கைக்குழந்தைக்கு நெடுங்கால் முளைக்க வைத்து, அதற்குக் கீழே தூளி கட்டாமல் ஒதுங்கி வாழ்ந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்படியென்றால் இங்கேதான் இருந்தாள். உங்கள் வீட்டில் வளர்ந்தாள். இல்லையா?" என்றவள், நான் பதில் சொல்வதற்குள் தன் அம்மாவை வீடியோவில் கூப்பிட்டுவிட்டாள். தலையணையில் ஒரு சின்ன முகம். பஞ்சு முடி. மூக்கில் குழாய். கண் மட்டும் தெளிவாக இருந்தது. மகள் கவுனைக் காட்டினாள். அந்தக் கண் கவுனையே பார்த்தது. பிறகு என்னைப் பார்த்து, "பிழைத்தாளா?" என்று கேட்டது.

இதை எழுதும்போது அந்த அம்மா உயிரோடு இல்லை. ஆமாம், பிழைத்தாள், எங்கள் எல்லாருக்கும் பாட்டி அவள்தான் என்று ஒரு பொய்யைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் தாம்பாளத்தில் அவள் துணி இருந்தது. படையலுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு அவளைப் பற்றியே பொய் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

"பிழைக்கவில்லை. கன்னி என்றால் கல்யாணத்துக்கு முன்னால் போய்விட்டவள். இந்தத் துணியின் அளவைப் பார்த்தால், நீங்கள் விட்டுப்போன கொஞ்ச நாளிலேயே போயிருப்பாள்" என்றேன். அந்தக் கண்கள் மூடிக்கொண்டன. மகள் சுவரில் சாய்ந்துவிட்டாள்.

அண்ணிக்கு இந்த இங்கிலீஷ் பேச்சு விளங்கவில்லை, ஃபோனில் அதே கவுனை எட்டிப் பார்த்தது மட்டும்தான். நேரம் போகிறது என்று புதுக் கவுனை எடுத்துச் சாம்பிராணிச் சட்டிக்கு மேல் பிடித்தாள். "வாம்மா தாயே, வந்து உக்காரு. ஒனக்குத் துணி கீது, பூ கீது. எம்பொண்ணுக்கு உத்தரவு குடு." புகை எழுந்தது. துணிக்குக் கிட்டே வந்து இரண்டாகப் பிரிந்து வெளியே போனது. ஃபேன் ஓடவில்லை. அண்ணி சட்டியை நகர்த்தி வைத்துவிட்டு மறுபடியும் பிடித்தாள். மறுபடியும் புகை விலகிப் போனது. கவுன் வெறும் துணியாகத் தொங்கியது. பம்பைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மணப்பெண் அழ ஆரம்பித்தாள்.

அண்ணி என் பக்கம் திரும்பினாள். "வர மாட்டேங்கிறா பாரு. அவங்க ஆளுங்கள பாத்துட்டா. கூட்டிகினு போவத்தான வந்துகீறாங்க? சொல்லு! எம்பொண்ணு கல்யாணம் இன்னா ஆவறது?"

அப்போது ஃபோனிலிருந்து அந்தக் கிழவியின் குரல் வந்தது. மெல்லிய, நூல் இழை மாதிரிக் குரல்.

"இன்னா கேக்கறாங்க?" என்றாள் அண்ணி.

"தனியா கிடந்தாளான்னு கேக்கறாங்க அண்ணி. பெத்தவங்க வுட்டுட்டுப் போன புள்ள, தனியா கிடந்தாளான்னு."

அண்ணி கவுனைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தாள். தாம்பாளத்தைப் பார்த்தாள். அழுது வீங்கிய அந்த வெள்ளைக்காரியைப் பார்த்தாள். எல்லாம் அப்போதுதான் அவளுக்கு ஒன்று சேர்ந்தது. சட்டென்று கோபம் வந்துவிட்டது, ஆனால் அது வேறு கோபம்.

"தனியாவா? யார பாத்து இன்னா கேக்கறாங்க? அவள கேக்காம இந்த வூட்ல ஒரு கல்யாணம் நடந்துகீதா? எங்க மாமியா தச்சாங்க, நான் தைக்கிறேன், நாளைக்கு எம்மருமவ தைப்பா. மொத எல அவளுக்குத்தான் போடறோம். தனியா கிடந்தாளாம்! சொல்லு அவங்ககிட்ட!"

சொன்னேன். என் இங்கிலீஷ் எவ்வளவு தாங்குமோ அவ்வளவையும் சொன்னேன்.

கிழவி கேட்டாள். உதடு அசைந்தது. ஒரு ராகம் வந்தது. வார்த்தை இல்லை, வெறும் முனகல். ஞானஸ்நானத்தில் கவுனைக் காலியாகத் தூக்கும்போது அவர்கள் வீட்டில் அப்படி முனகுவார்களாம், பிறகு மகள் சொன்னாள். தறிக்கூடத்தில் வேறு சத்தமே இல்லை.

அண்ணி பிடித்திருந்த கவுனுக்குள் புகை போனது.

நான் கண்ணை மூடவில்லை. சின்ன வயதிலிருந்து இந்த இடத்தில் பாதிக் கண்ணை மூடியே பார்த்துப் பழகியவள், அன்றைக்கு மூடவில்லை. மார்பு உப்பியது. வலது கை உப்பியது, இடது கை உப்பியது. வழக்கமாகக் கீழ்வரை உப்பி நிற்கும். அன்றைக்கு அப்படி இல்லை. இடுப்புக்கு ஒரு சாண் கீழேயே புகை நின்றுவிட்டது. மீதிப் பாவாடை முழுக்கச் சும்மா, மடிப்போடு மடிப்பாகத் தொங்கியது. நெடுங்கால் எதுவும் இல்லை. ஒரு கைக்குழந்தை எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் இருந்தது.

அண்ணியும் அதைப் பார்த்தாள். அதுவரை கவுனைத் தோளில் கிள்ளிப் பிடித்திருந்த அவள் கை மெதுவாக நகர்ந்தது. ஒரு கை கீழே போய்த் துணியை ஏந்திக்கொண்டது. இன்னொரு கை மேலே வந்து, கழுத்துப் பட்டிக்குப் பின்னால், ஒன்றுமே இல்லாத இடத்தில் விரித்து நின்றது. தலை நிற்காத பிள்ளையை அப்படித்தான் தூக்குவோம்.

உத்தரவு கிடைத்துவிட்டது, ஆனால் மணப்பெண்ணுக்குப் படையல் பூ கொடுக்க யாரும் அவசரப்படவில்லை. அண்ணி அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஜன்னல சாத்தும்மா. புள்ளைக்குக் காத்து அடிக்குது."

போய்ச் சாத்தினேன்.